கண்ணுக்கு இட்ட வெள்ளை

செங்கல்பட்டில் சாரங்கபாணி என்று கேட்டால் எந்தச் சாரங்கபாணி என்பார்கள். கலர் வாத்தியார் என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். உயர்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். மேசைமேல் ஒரு கூஜாவையும் ஒரு பூசணிக்காயையும் மடித்த குடையையும் வைத்து, இதைப் பார்த்து வரையுங்கடா என்பதுதான் அவர் உத்தியோகம். மனசு வைத்துச் செய்த வேலை வேறு. அது வீட்டுக் கொல்லைச் சுவரில் நடந்தது.

இவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்றால் மனம் ஒப்பவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறது நல்லது. இந்த மனிதர் ஒரு வெள்ளை நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். அதனால் ஒரு பெண் பிறந்து வளர்ந்த ஊரை இழந்தாள். கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. தன் கலரைப் பற்றிய கர்வம் மட்டும் இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

அந்தக் கொல்லைச் சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக நிறங்கள். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் பென்சிலில் தேதி. கட்டத்தின் ஒரு பாதியைத் தகரத் துண்டால் மூடி ஆணி அடித்திருப்பார். மறு பாதி வெயிலுக்கும் மழைக்கும் விட்டது. சித்திரை முதல் தேதி மற்ற வீடுகளில் பஞ்சாங்கம் படிப்பார்கள். இவர் வீட்டில் சுவர் படிப்பார்கள். தகரத்தை ஒவ்வொன்றாக விலக்கி, மூடிய பாதியையும் மூடாத பாதியையும் ஒப்பிட்டு, எது எத்தனை நாள் தாங்கியது என்று நோட்டில் எழுதிக்கொள்வார்.

அவருடைய தீர்ப்புகள் கறாரானவை. பெட்டியில் வில்லை வில்லையாக வரும் வாட்டர் கலரை அவர் கலராகவே சேர்க்கவில்லை. அதிலிருக்கும் ரோஜாச் சிவப்பு ஆறு மாத வெயிலில் காணாமல் போய், கட்டத்தின் பென்சில் கோடு மட்டும் மிஞ்சும். புட்டியில் வரும் போஸ்டர் கலர் போட்ட அன்றைக்கு ஜோராக இருக்கும், காய்ந்தபின் விரலால் தடவினால் விரலோடு வந்துவிடும். டியூபில் வரும் ஆயில் கலரிடம் மரியாதை உண்டு. ஆனால் அது காய்வதற்குள் வரைந்தவனுக்கு வயதாகிவிடும், இருட்டில் வைத்தால் மஞ்சள் பூக்கும், சுண்ணாம்புச் சுவரில் போட்டால் பொருக்கு எழும்பும். எனாமல் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், அவர் முகம் கோணிக்கொள்ளும். பஸ்காரர்களும் சோடாக் கடைக்காரர்களும் மயங்குகிற பளபளப்பு அது. ஒரு நிறத்தோடு ஒரு நிறம் இழையாது, இரண்டாம் வருஷம் வெடிக்கும்.

கடைசியில் அவர் போய் நின்ற இடம் பொடிக் கலர். காவிக்கல், மஞ்சள் மண், விளக்குக் கரி எல்லாவற்றையும் பொடியாக எடுத்து வேலம்பிசின் தண்ணீரில் அரைத்துப் போடுவது. பொடியில் ஏமாற்று வேலை கிடையாது, நல்ல பொடியும் நல்ல பிசினும் சேர்ந்தால் சுவர் இருக்கும்வரை நிற்கும் என்பது அவர் கட்சி.

வெள்ளையில் மட்டும் மூன்று வரிசை போட்டிருந்தார். சுண்ணாம்பு மங்கலாக இருந்தது, கையில் ஒட்டியது. துத்தநாக வெள்ளை நல்ல சுத்தமான வெள்ளைதான். ஆனால் மெலிசு, மூன்று பூச்சுப் போட்டாலும் அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும், நாளாக ஆகச் சன்னமாகக் கீறல் விடும். மூன்றாவது ஈய வெள்ளை. பட்டணத்திலிருந்து சீமை டப்பாவில் வாங்கி வந்த பொடி. ஒரே பூச்சில் மூடியது. ஆறு வருஷ வெயிலிலும் மழையிலும் நின்று, தகரத்துக்கு அடியில் இருந்த பாதிக்கும் வெளியில் இருந்த பாதிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நோட்டில் அதற்கு நேரே இரண்டு முறை கோடு போட்டிருந்தார்.

"இத்தனை கட்டம் போட்டீங்களே, ஒரு படம் போட்டீங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி பர்வதம். துணி உலர்த்தக் கொல்லையில் இடமில்லாமல் போன எரிச்சலில் கேட்டது. ஆனால் அது அவரை நன்றாகவே தைத்தது. ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூட ஹாலில் தொங்கும் தலைவர்கள் படம் நாலைத் தவிர, இது சாரங்கபாணி போட்டது என்று காட்ட உலகத்தில் ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான், ஐம்பத்து நாலாம் வருஷம் கோடையில், எல்லப்பன் வந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் இருக்கிற கல்மேட்டுக் குப்பத்தின் நாட்டார் அவர். மீன்பிடிக்கிற அந்த ஊரில் அவர் வார்த்தைக்கு எதிர்வார்த்தை கிடையாது. கோர்ட்டு வேலையாகச் செங்கல்பட்டு வந்த இடத்தில் பள்ளிக்கூட ஹாலின் படங்களைப் பார்த்திருக்கிறார்.

"ஆத்தாளுக்குக் கோயிலு கட்டிக்கினு கீறோம் வாத்தியாரே. கன்னியம்மா. உள்ள கல்லுதான். பின்னால செவுத்துல முழுசா ஆத்தாள எழுதணும். எங்க ஊர்லயே படகுக்குப் பேரு எழுதறவன் ஒருத்தன் கீறான், அவனுக்கு எனாமலுதான் தெரியும். ஆத்தா மூஞ்சி பஸ்ஸாட்டம் மின்னக்கூடாது பாருங்க."

எனாமலை இப்படிச் சொன்ன மனிதரை வாத்தியாருக்கு உடனே பிடித்துப்போயிற்று.

"நீங்க எழுதனா எத்தினி வருசம் நிக்கும்?" என்றார் எல்லப்பன்.

"நூறு வருஷம்."

பள்ளி விடுமுறையில் டப்பாக்களையும் பிசினையும் கட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போனார். வலை வைக்கும் கொட்டகை ஒன்றை ஒழித்துக் கொடுத்தார்கள். அந்த மனிதருக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. விலை உயர்ந்த சீமை நீலம் சுண்ணாம்புச் சுவரில் பட்டால் பழுப்பாகிவிடும் என்று கொல்லைச் சுவர் அவருக்குச் சொல்லியிருந்தது. அதனால் அம்மனின் புடவைக்குத் துணிக்குப் போடுகிற நீலப் பொடியையே அரைத்துப் போட்டார். உடம்புக்கு மஞ்சள் மண், உதட்டுக்குச் செங்காவி. ஒன்றரை மாதத்தில் சுவரில் பத்தடி உயரத்துக்கு அம்மன் எழுந்து நின்றாள். ஆனால் கண் இல்லை.

கண்ணை நினைத்த நாளில் எழுத முடியாது. ஆடி முதல் வெள்ளிக்கிழமை விடியலில், திரை கட்டி, அம்மனை நேருக்கு நேர் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே எழுத வேண்டும். கண்ணுக்கு இடுகிற வெள்ளையைப் புருஷனோடு வாழ்கிற பெண்கள் விரதம் இருந்து அரைக்க வேண்டும். கண் திறந்துவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் அதன்மேல் தூரிகை படக்கூடாது. பட்டால் அம்மன் கண்ணில் குத்தியதாக அர்த்தம். வாத்தியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஈய வெள்ளை டப்பாவை அந்தக் கண்களுக்காகவே திறக்காமல் வைத்திருந்தார்.

அம்மன் கோயிலை ஒட்டிக் கருவாட்டுக் களம். களத்தை ஒட்டித் தனக்கோடியின் குடிசை. முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் புருஷன் காசிமேட்டுப் பக்கம் போய் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். இவள் கருவாடு காயவைத்துத் திருக்கழுக்குன்றம் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுப் பிழைத்தாள். வாத்தியாருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பது அவள்தான். காலில் அவள் அம்மா போட்டிருந்த கனத்த வெள்ளிக் காப்பு. அது வெள்ளியாகவே இருக்காது, கரி பிடித்த பாத்திரம்போல் கறுத்துக் கிடக்கும்.

"இது வெள்ளியா இரும்பாம்மா?" என்று ஒருநாள் சீண்டினார் வாத்தியார்.

"வெள்ளிதாங்க. இந்த ஊர்ல வெள்ளி நிக்காது வாத்தியாரே. கால்வா நாறும்போதெல்லாம் கறுத்துப்பூடும். சாம்பலும் புளியும் போட்டு வாரா வாரம் வெளக்கிக்கினு கீறேன்."

வாத்தியார் சிரித்துவிட்டுத் தூரிகையைக் கழுவப் போய்விட்டார். முப்பது வருஷமாக எந்த நிறம் எதனால் கெடுகிறது என்று சுவரில் ஆணி அடித்துப் பார்த்த மனிதர் அவர். அந்த ஊரின் காற்று என்ன செய்யும் என்பதை அவள் காலிலேயே போட்டுக்கொண்டு எதிரில் நின்றாள்.

ஆடி வெள்ளிக்கு முதல்நாள் ஊர்ப் பெண்கள் மூன்று பேர் விரதம் இருந்து வந்து வெள்ளையை அரைத்தார்கள். கொஞ்ச நேரம் அரைத்தார்கள்; படகுகள் கரை வந்துவிட்டன என்று கேள்விப்பட்டதும் எழுந்து கடலுக்கு ஓடினார்கள். வாத்தியார் விரலில் எடுத்துப் பார்த்தார். மணல் மாதிரி நெறுநெறுவென்றது. ஈய வெள்ளையை வெண்ணெய்போல் ஆகும்வரை அரைக்காவிட்டால் அதன் குணம் வராது. அவர் கைக்கு ஏற்கெனவே பிடிப்பு வந்து விரல் மடங்கவில்லை.

"தனக்கோடி, நீ வந்து அரை."

அவள் இரண்டு அடி பின்னால் போனாள். "என் கை படக்கூடாது வாத்தியாரே. புருசன் வுட்டுட்டுப் போனவ நான். ஊர்ல தெரிஞ்சா இன்னா ஆவும்?"

"கலருக்குத் தீட்டெல்லாம் தெரியாதும்மா. நைசா அரைச்சா நிக்கும், இல்லேன்னா நிக்காது. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

"வாணாங்க."

"யார் கேக்கப்போறாங்க? கேட்டா நான் சொல்லிக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அவள் உட்கார்ந்தாள். மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை, அவர் கொண்டுவந்த கண்ணாடிப் பலகையில், தலை நிமிராமல் அரைத்தாள். வேலியோரமாகப் போன முனியம்மா என்பவள் நின்று பார்த்துவிட்டுப் போனது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் விடியலில் கண் எழுதினார். திரையை விலக்கியபோது பெண்கள் குலவை இட்டார்கள். சிலர் அம்மன் தங்களையே பார்க்கிறாள் என்று அழுதார்கள். எங்கே நின்றாலும் அந்தக் கண்கள் வந்து நின்றன. வாத்தியாரும் அழுதார். அவர் பிறந்ததற்கு ஒரு காரியம் செய்தார் என்றால் அந்த இரண்டு கண்கள்தான், அதை இல்லை என்று சொல்வதற்கில்லை.

தை மாதத்தில் கண்கள் கொஞ்சம் அழுக்காகத் தெரிந்தன. விளக்குப் புகை என்றார்கள். மாசியில் பழுப்பு. பங்குனியில் கால்வாயில் தண்ணீர் வற்றிச் சேறு வெளியே தெரிந்து, ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தபோது, அம்மனின் கண்கள் இரண்டும் கறுத்துவிட்டன. புடவை நீலமாக இருந்தது, முகம் மஞ்சளாக இருந்தது, உதடு சிவப்பாக இருந்தது. கண் மட்டும் குழி விழுந்ததுபோல் கறுப்பு. அதே வாரத்தில் கடலுக்குப் போன கட்டுமரம் ஒன்று திரும்பவில்லை. அதிலிருந்த இரண்டு பேரும் கடலோடு போனார்கள். வாத்தியாருக்கு ஆள் வந்தது.

அவர் போய்ப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். கரி இல்லை, கையில் ஒட்டவில்லை. நிறமே மாறியிருந்தது. கோயில் வாசலில் மொத்தக் குப்பமும் கூடியிருந்தது. தனக்கோடி தன் குடிசை வேலி ஓரமாக நின்றிருந்தாள்.

எல்லப்பன் மரியாதையாகத்தான் கேட்டார். "வாத்தியாரே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கலர்ல எதுனா கோளாறா?"

இந்த இடத்தில் அந்த மனிதர் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இருக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று சொல்வதற்கு அப்படி ஒன்றும் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்டது கலரைப் பற்றி. அதுவும் ஈய வெள்ளையைப் பற்றி.

"என் கலர்ல கோளாறு கிடையாது" என்றார் சாரங்கபாணி. "ஆறு வருஷம் சுவத்துல போட்டுப் பாத்த வெள்ளை. வெயில்ல நின்னுது, மழையில நின்னுது. எங்க வேணா கொண்டுபோய்க் கேளுங்க."

"அப்போ அரைச்ச கைலதான் கோளாறு" என்றது கூட்டத்தில் ஒரு குரல். முனியம்மா முன்னால் வந்து தான் வேலியோரம் பார்த்ததைச் சொன்னாள்.

எல்லப்பன் தனக்கோடியைக் கூப்பிட்டார். "நீ அரைச்சியா?"

"அரைச்சேன்."

"யாரு அரைக்கச் சொன்னது?"

அவள் வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் சுவரில் இருந்த கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைக் கேட்டால் சொல்லலாம் என்று நினைத்தார். அவரை யாரும் கேட்கவில்லை. நிற்கக்கூடிய நேரம்வரை நின்றுவிட்டு, "நானாத்தான் அரைச்சேன்" என்றாள் தனக்கோடி.

ஊர்க் கட்டுப்பாடு அங்கேயே பேசி முடிந்தது. அவளுக்கு யாரும் தண்ணீரோ நெருப்போ தரக்கூடாது. அந்தக் கரையில் அவள் மீனைத் தொடக்கூடாது. மூன்று நாளில் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும்.

வாத்தியார் பஸ் ஏறினார். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது, மலைமேல் கழுகு பார்த்துவிட்டு இறங்கி வந்த கூட்டம் ஏறி இடித்துக்கொண்டு உட்கார்ந்தது. படிப்பறிவில்லாத ஜனங்கள், இவர்களிடம் என்ன பேச முடியும் என்று வழி முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வீட்டில் பர்வதம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவளை அரைக்கச் சொன்னது நீங்கதானே?"

"என்னை யாரும் கேக்கலை."

"கேட்டாத்தான் சொல்லணுமா?" என்றாள். அன்று சாப்பிடும்போது இரண்டாம் முறை சாதம் போட அவள் வரவில்லை. தட்டில் இருந்ததைத் தின்றுவிட்டு எழுந்தார்.

பத்து நாள் கழித்து, பள்ளியில் சயன்ஸ் லேப் வாசலைத் தாண்டும்போது அவர் நின்றுவிட்டார். உள்ளேயிருந்து நாற்றம் வந்தது. அழுகிய முட்டையின் நாற்றம். செங்கல்பட்டில் நின்றுகொண்டு கல்மேட்டுக் குப்பத்துக் கால்வாயை மோந்ததுபோல் இருந்தது. சயன்ஸ் மாஸ்டர் ஞானதாஸ் ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொண்டே சிரித்தார்.

"கந்தக வாயு சார். சேத்துல, அழுகின மீன்ல எல்லாம் இதான் வரும். இருக்கான்னு கண்டுபிடிக்கறது ரொம்ப சுலபம், பாருங்க." ஏதோ ஒரு தண்ணீரில் நனைத்த வெள்ளைக் காகிதத்தை எடுத்துக் குழாய் வாயில் காட்டினார். காகிதம் கண்ணெதிரே பழுப்பாகி, கறுத்துப்போயிற்று.

"காகிதத்துல என்ன தடவியிருக்கீங்க?"

"ஈயம் கலந்த தண்ணி சார். ஈயம்னா இது விடாது. வெள்ளியையும் விடாது."

சாரங்கபாணி அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கறுத்த வெள்ளிக் காப்பு அவர் கண்ணில் வந்து நின்றது. செங்கல்பட்டின் காய்ந்த காற்றில் ஆறு வருஷம் பார்த்தார், அந்த ஊர்க் காற்றில் ஆறு நாள் பார்க்கவில்லை. மெலிசு என்று ஒதுக்கிய துத்தநாக வெள்ளையைப் போட்டிருந்தால்? "அது கறுக்காது சார்" என்றார் ஞானதாஸ். கையில் ஒட்டுகிற சுண்ணாம்பு? "அதுவும் கறுக்காது." தோற்ற இரண்டும் நின்றிருக்கும், ஜெயித்த ஒன்றுதான் கெட்டது.

"கறுத்ததைத் திரும்ப வெளுக்க வைக்க முடியுமா?"

"காதுல சீழ் வந்தா ஊத்தறோமே, நுரை பொங்குமே, பெராக்ஸைடு. அதால தொடச்சா வெள்ளையாயிடும்."

மருந்துக் கடையில் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் குப்பத்துக்குப் போனார். தனக்கோடி போய்விட்டிருந்தாள். குடிசையின் கீற்றைக்கூட யாரோ பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள். கேளம்பாக்கம் உப்பளத்தில் கூலிக்குச் சேர்ந்திருப்பதாகக் கேள்வி என்றான் ஒருவன்.

எல்லப்பனிடம் போய், நின்றபடியே சொன்னார். "கோளாறு என் கலர்லதான். அவ கையில இல்லை. கால்வாய் நாத்தம் ஈயத்தைக் கறுப்பாக்கிடும், உங்க ஊர்ல வெள்ளியைக் கறுப்பாக்கலையா, அது மாதிரி. அவளை அரைக்கச் சொன்னதும் நான்தான்."

எல்லப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கோளாறு இல்லேன்னு நீங்கதான அன்னிக்கி சொன்னீங்க?"

"தெரியாம சொன்னேன். இப்ப எல்லாரையும் கூப்பிடுங்க. உங்க கண்ணுக்கு முன்னாடியே காட்டறேன். தூரிகை படாது, பஞ்சால தொடைக்கறேன், அவ்வளவுதான்."

தூரிகைதானே படக்கூடாது, நீராட்டலாம் என்று பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஊர் கூடியது. சாரங்கபாணி ஏணியில் ஏறி, பஞ்சை மருந்தில் நனைத்து, முதலில் வலக்கண்ணில் ஒற்றினார். சன்னமாக நுரைத்தது. மறுபடி ஒற்றினார். கறுப்பு பழுப்பாயிற்று, பழுப்பு கலைந்து வெள்ளை வந்தது. இடக்கண்ணும் வந்தது. ஆடி வெள்ளியன்று பார்த்த அதே பார்வை. பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நிரூபித்துவிட்ட திருப்தியோடு திரும்பினார்.

கீழே அத்தனை பேரும் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றார் எல்லப்பன். "அவ ஊர வுட்டுப் போயி இன்னியோட எட்டு நாளு ஆவுது. தீட்டு கழிஞ்சிது."

"இது மருந்துங்க" என்றார் வாத்தியார். "கடையில விக்கறது. காதுக்கு ஊத்தறது. இதால தொட்டா யார் போனாலும் போகாட்டியும் வெளுக்கும்."

"அவ இங்க இருக்கச் சொல்ல வெளுக்கலியே" என்றாள் முனியம்மா.

"அப்ப நான் தொடைக்கலைம்மா."

"ஆத்தா ஒங்கள வரவுடல. இப்ப வரவுட்டா."

அவர் ஏணியில் நின்றபடி ஈயம் என்றார், கந்தகம் என்றார், தொண்டை கம்மும்வரை சொன்னார். பெரிய மனுசங்க தங்கள் பெருமையைத் தாங்களே சொல்லிக்கொள்ள மாட்டார்கள் என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். கீழே இறங்கியதும் கழுத்தில் மாலை போட்டார்கள். முனியம்மா பாட்டிலில் மிச்சமிருந்ததைத் தீர்த்தமாகக் கேட்டாள். தனக்கோடியைக் காப்பாற்றக் கொண்டுவந்த பாட்டில்தான் அவள்மேல் போட்ட பழிக்குக் கடைசி ஆணியை அடித்தது. அதையும் அவர் கையாலேயே அடித்தார்.

இரண்டு நாள் கழித்துக் கேளம்பாக்கம் போனார். உப்பளத்தில் கண் கூசும் வெயில். தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் வந்த தனக்கோடி அவரைப் பார்த்து நின்றாள், கூடையை இறக்கவில்லை. காலில் காப்பு இல்லை. உப்பு அரித்த வெடிப்புகள்தான் இருந்தன.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஈயம், கால்வாய், அவள் காப்பு, ஞானதாஸ் காட்டிய காகிதம், பாட்டில், மாலை. ஒன்றையும் மறைக்கவில்லை. அவளும் குறுக்கே பேசவில்லை.

"ஆத்தா கண்ணு வெள்ளையாச்சா?"

"ஆச்சு."

"எங்கையில ஒண்ணும் இல்ல?"

"ஒண்ணும் இல்லைம்மா. நான் போட்ட கலர்தான்."

அவள் கூடையை இறக்கி வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் முதல்முறையாக அவரை நீ என்று பேசினாள்.

"இத்தயெல்லாம் நீ படிச்சி வந்து சொல்லத் தேவையே இல்ல வாத்தியாரே. அன்னிக்கி அவரு கேட்டாரே, கலர்ல கோளாறான்னு. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிக்கீலாம். பொய்யா சொல்லிக்கீலாம். நான் இட்டுக்கட்டனது எனக்கோசரமா? நானாத்தான் அரைச்சேன்னு ஒனக்கோசரம் சொன்னேனே, அது இன்னா நெசமா?"

அப்புறம் அவளே கேட்டாள்.

"அந்தக் கண்ணு மறுபடியும் கறுக்குமா?"

"கறுக்கும். கால்வாய் அங்கதானே இருக்கு. அழிச்சிட்டு வேற வெள்ளை போடலாம்னா, தூரிகை படக்கூடாதுங்கறாங்க."

"அப்போ வருசா வருசம் போயி தொடச்சிட்டு வா. மறந்து கிறந்து பூடாத. கறுத்துச்சின்னா அடுத்தது எவ கையின்னு தேடுவானுங்க." கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்துவிட்டாள். அவர் அவளை மறுபடி பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் கொல்லைச் சுவரில் ஒரு தகரம் பாக்கியில்லாமல் பிடுங்கிப் போட்டார். சுண்ணாம்பு கரைத்து எல்லாக் கட்டங்களின்மேலும் அடித்துவிட்டார். பர்வதத்துக்குத் துணி உலர்த்த இடம் கிடைத்தது. அதற்குப்பின் அவர் எந்தக் கலரைப் பற்றியும் யாரிடமும் அபிப்பிராயம் சொன்னதில்லை. பசங்கள் எந்தப் பெட்டி நல்ல பெட்டி சார் என்று கேட்டால், கிடைச்சதை வாங்குங்கடா என்பார்.

வருஷந்தோறும் பங்குனியில் பாட்டிலோடு குப்பத்துக்குப் போனார். ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. கால்வாய் வற்றிக் கண் மங்கத் தொடங்குகிற சமயமாகப் பார்த்துப் போய்விடுவார். நாலாவது தடவைக்குள் அது ஊரில் ஒரு சடங்காகிவிட்டது. கண் கழுவுகிற நாள் என்று பெயர் வைத்து, மேளம் வைத்து, எல்லப்பன் அவர் தலையில் பரிவட்டம் கட்டி ஏணியில் ஏற்றிவிடுவார். மறுக்க முடியாது. மறுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் அடுத்தவள் யார் என்று அவருக்கே தெரியாது.

அவர் ஏணியில் நின்று பஞ்சால் ஒற்றும்போது, கீழே தாய்மார்கள் இடுப்புப் பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்து அம்மனைக் காட்டுவார்கள். தனக்கோடின்னு ஒரு பாவி இருந்தா, அவ கை பட்டு ஆத்தா கண்ணு கறுத்துது, அவளத் தொரத்தனதும் இந்த வாத்தியார் வந்து வெளுக்க வச்சாரு, பாரு, இப்ப எம்மாம் வெள்ளையா கீது பாரு என்பார்கள். அது அவர் காதில் விழும். கண் முழுசாக வெளுக்கும்வரை அவர் இறங்க முடியாது.